அன்பினால் விடுவிக்கக் கூடாதா?

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. புரட்டஸ்தாந்து சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூதரைப் பற்றிப் பேச்சு வந்தால், "திருச்சபையைப் பிரிச்ச மனுசன்" என்று அம்மம்மா ஒரே வரியில் முடித்துவிடுவா. நான் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் எழுதிய 95 வாதங்களைப் பெரிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஏன் என்று சிலர் கேட்கிறார்கள்.

1517இல் அவற்றை எழுதும்போது அவர் கத்தோலிக்கத் துறவி, பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருவானவர். அவர் இருந்த ஜெர்மன் நகரமான விற்றன்பேர்க்கின் சனங்கள் எல்லை தாண்டிப் போய்ப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று திருச்சபையின் பேரில் காசுக்கு விற்ற சீட்டு அது; செத்தவர்களுக்காகவும் வாங்கலாம். விற்றவர் தெட்சல் என்ற டொமினிக்கன் துறவி. அதற்குப் பின்னால் ஒரு கடன் இருந்தது. அல்பிரெக்ட் என்பவர் மைன்ஸ் நகரப் பேராயராக வருவதற்கு உரோமைக்குக் கட்டிய பணம் பூக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கியது. சீட்டு விற்ற காசில் பாதி அந்தக் கடனுக்கு, மீதிப் பாதி உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்ட. வாங்கின ஏழைக்குக் கடன் கதை தெரியாது.

82ஆம் வாதத்தை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். காசுக்காக இத்தனை ஆத்துமாக்களை மீட்கிற பாப்பரசர், செத்த ஆத்துமாக்கள் மோட்சத்துக்கு முன்னம் வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தையே அன்பினால் காலியாக்கக் கூடாதா? சாதாரண சனங்கள் இப்படிக் கேட்கிறார்களே, என்ன பதில் சொல்வது என்கிறார் லூதர். அம்மம்மா மீன் விற்றவ. செத்தவர்களுக்காகச் செபிக்கிற நவம்பர் 2ஆம் திகதிக்கு முன்னம், சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, செதில் ஒட்டிய தாள்களைத் துடைத்து நீவி, தாத்தாவின் பூசைக்கென்று எடுத்து வைப்பா. அந்தக் காசைத் தொடுகிற கைக்குப் பயம் இருக்க வேண்டும்.

லூதரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1525இல் எழும்பிய விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லி எழுதியவரும் அவரே. புரட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து எங்கள் குருமாரைத் தடை செய்தார்கள்; 1687இல் வந்த யோசப் வாஸ் அடிகள் சில்லாலையில் மறைந்திருந்துதான் பூசை வைத்தார். அதிகாரம் கைக்கு வந்தால் யாரும் மாறுவார்கள். ஆனாலும் லூதரின் அந்தக் கேள்வி நியாயமானது. காசு வாங்கிப் பாவத் தண்டனைக் குறைப்புக் கொடுப்பதை 1567இல் ஐந்தாம் பியுஸ் பாப்பரசரே நிறுத்தினார்.

எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் திருவிழாக் கணக்கைக் கேட்டேன். "கோயில் காசுக்குக் கணக்குக் கேட்கிறது பாவம்" என்றார்கள். சரி, அப்படியென்றால் 86ஆம் வாதத்தைப் பாருங்கள்: இவ்வளவு பணக்காரரான பாப்பரசர் ஏழை விசுவாசிகளின் காசை விட்டுத் தன் காசில் அந்தப் பேராலயத்தைக் கட்டலாமே என்று கேட்கிறது. வரவையும் செலவையும் எழுதி, கோயில் வாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள் என்றுதான் நான் கேட்டது. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.