பஞ்சாங்கம் பார்த்து வந்த சம்பளம்

பாளையங்கோட்டையில் பி.காம். படித்த மூன்று வருடமும் எனக்குச் சம்பளம் வந்தது தினசரி காலண்டரைப் பார்த்துத்தான். சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தால் வேலை உண்டு. ஆடி, புரட்டாசி, மார்கழி என்றால் கை காலி. கேட்டரிங் சர்வீஸுக்குப் போகும் பையன்கள் எல்லாருக்கும் இதே கதைதான். இன்றைக்கும் திருநெல்வேலி டவுன், வண்ணார்பேட்டை, பாளை மண்டபங்களில் சோற்றுக் கூடையும் சாம்பார் வாளியுமாக ஓடுகிறவர்களை விசாரித்துப் பாருங்கள், நிறையப் பேர் கல்லூரி மாணவர்களாக இருப்பார்கள்.

வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். ரிசப்ஷன் பந்தி ஓய்வதற்கு இரவு பதினொன்று ஆகும். மண்டபத்து ஜமுக்காளத்திலேயே படுத்து, விடிவதற்கு முன்னால் எழுந்து இலை துடைக்க வேண்டும். காலை டிபன், அப்புறம் முகூர்த்தச் சாப்பாடு. இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் வர வேண்டும் என்பதில் தொடங்கி, ரசம் கேட்கிறவருக்கு மோரோடு போய் நிற்காதது வரை எல்லாவற்றையும் சமையல்காரரான தவசுப்பிள்ளையின் திட்டிலேயே கற்றுக்கொண்டோம். எங்களுக்குப் பிடித்தது மறுவீட்டுச் சாப்பாடு. கூட்டம் குறைவு, அவசரம் கிடையாது. தேங்காய்ப்பால் விட்ட சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். வெற்றிலையோடு ஆளுக்கு ஐம்பதோ நூறோ வைத்துக் கொடுப்பார்கள். சொதி மிஞ்சினால் அதுவும் எங்களுக்குத்தான்.

வேளைக்கு முந்நூறு ரூபாய். ராத்திரி, காலை, மதியம் மூன்று வேளைக்குத் தொள்ளாயிரம் வரும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே வேளையாகப் பிடித்துவிடுவார்கள். ஆக அறுநூறு. முந்தின நாள் நான்கு மணிக்கு உள்ளே போனவன், மறுநாள் மூன்று மணிக்கு வெளியே வருகிறேன். பஸ்ஸுக்குப் போக மணிக்கு இருபத்தைந்து ரூபாய் நின்றால் பெரிய விஷயம். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நாள் சாப்பிடாததற்குக் கழிவும் கிடையாது.

இந்தக் கணக்கை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே சொன்னாள்: "இலை நனைக்கதுக்கும் வெட்டுததுக்கும் எனக்கு யாருல சம்பளம் தாறான்? சுத்துனதுக்குத்தான் துட்டு." கூலி எண்ணப்படும் நேரம் ஒன்று, வேலை விழுங்கும் நேரம் இன்னொன்று. வகுப்பில் காஸ்ட் அக்கவுன்டிங் நடத்திய வாத்தியார் இதை வேறு சொற்களில் ஒரு பருவம் முழுக்கச் சொன்னார். எனக்குப் புரிந்தது அம்மா சொன்னபோதுதான்.

ஆனால் மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்பதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தையில் கை நிறையப் பணம் இருக்கும். ஜங்ஷனில் பரோட்டா, புதுச் செருப்பு, நண்பனுக்கு ரீசார்ஜ். பரீட்சைக் கட்டணம் கேட்கிற நாளில் பார்த்தால் முகூர்த்தமே இருக்காது. செமஸ்டர் கட்டணத்துக்கும் மெஸ் பில்லுக்கும் பஞ்சாங்கம் தெரியாதே. மாணவர்களுக்குப் பண நிர்வாகம் பற்றிப் பேசுகிறவர்கள் சிக்கனம், சேமிப்பு என்று தொடங்குவார்கள். வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் எங்களிடம் வீண்செலவு செய்யும் அளவுக்குப் பணமே கிடையாது. வருகிற தேதியும் போகிற தேதியும் ஒட்டவில்லை, அவ்வளவுதான் சிக்கல்.

அதற்கு நான் கண்ட வழி, ஒன்று ஓய்கிற காலத்தில் இன்னொன்று ஓடும்படி இரண்டு வேலையைப் பிடிப்பது. பெருமாள்புரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். கல்யாண வேலையைவிடக் குறைந்த பணம்தான், ஆனால் மாதம் பிறந்தால் வந்துவிடும். ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும். கோடை விடுமுறையில் டியூஷன் நின்றுவிடும். அப்போது வைகாசிக் கல்யாணங்கள் வந்து காப்பாற்றும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக்கடைகளில் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். ஒரு சீசன் போனேன். நாள் முழுக்க நின்றதில் கால் வீங்கியதுதான் மிச்சம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மிச்சம் பிடித்ததைப் போடுவதற்கு முதலில் தபால் ஆபீஸ் ஆர்.டி.யைத்தான், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பைத்தான், விசாரித்தேன். அப்போது மாதம் பத்து ரூபாய்க்குக்கூடத் தொடங்கலாம். இப்போது குறைந்தது 100 ரூபாய். நல்ல திட்டம், ஆனால் ஐந்து வருடம். மூன்று வருடப் படிப்புக்காரனுக்குப் பரீட்சைக் கட்டணம் ஐந்து வருடம் காத்திருக்காது. நடுவில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள், அதுவும் மூன்று வருடம் கழித்து. அதனால் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போட்டேன். மாதம் 300. டியூஷன் பணம் வந்த அன்றே போய்விடும். வருடக் கடைசியில் 3,600 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். வட்டியைப் பெரிதாக நினைக்கவில்லை. பணம் என் கண்ணில் படாமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, எங்களுக்கு இரண்டு கல்யாணத்துக் கூலி பாக்கி இருந்தது. கான்ட்ராக்டர் அண்ணாச்சி மறுநாளே அத்தனையையும் பழைய நோட்டாகத் தீர்த்துவிட்டார். அதுவரை கூலிக்காக அவர் பின்னால் அலைந்தவர்கள் நாங்கள். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் கூலி கொடுத்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கள் பணம் என்பதால் வரிசையில் நின்று கணக்கில் போட்டுக்கொண்டோம். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்: "தம்பி, உங்க கணக்குல நம்ம ரூவாயையும் கொஞ்சம் போட்டு எடுத்துத் தாங்கடே. ஆளுக்கு ரெண்டாயிரம் தாறேன்."

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அடுத்தவன் ரூவா நம்ம புக்குல ஏறக் கூடாதுல" என்று வைத்துவிட்டாள். என் அறை நண்பன் ஒத்துக்கொண்டான். அவனுடையது குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத ஜன்தன் கணக்கு. 50,000-க்குள் இருந்தால் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி 45,000 போட வைத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே, ஜன்தன் கணக்குகளில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அண்ணாச்சி தினமும் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுவார். அவனும் மாதாமாதம் பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தான். இரண்டாயிரம் கமிஷன் கடைசிவரை வரவில்லை. பாவம், கல்யாண வேலையும் போயிற்று.

இப்போது நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கவுன்ட்டருக்கு வரும் மாணவர்களில் சிலருடைய பேச்சைக் கேட்டால் அந்த நவம்பர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. "சார், அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆயிருக்கு, ஏன்னு தெரியல" என்பார்கள். மெதுவாக விசாரித்தால் வெளியே வரும். டெலிகிராமில் பார்ட் டைம் வேலை என்று யாரோ சேர்த்திருப்பார்கள். இல்லையென்றால் கல்லூரி சீனியர் ஒருவர், "உன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் ஒரு மாசம் கொடு, ஐயாயிரம் தாறேன்" என்று சொல்லியிருப்பார். எங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவருடைய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கும். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளைத் தேடிப்பிடித்து நிறுத்திவைக்கிறார்கள். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால், பையன் அந்த ஊர் போலீஸோடு பேசி முடிக்க வேண்டும். எங்களால் கிளையில் உட்கார்ந்து எடுத்துவிட முடியாது. இதை அவனுடைய அப்பாவுக்குப் புரியவைப்பதுதான் எங்கள் வேலையில் கஷ்டமான பகுதி. அவர் பெரும்பாலும் வயல் வேலையையோ கடை வேலையையோ விட்டுவிட்டு வந்திருப்பார்.

போன மாதம் வந்த பையன் அரசுப் பள்ளியில் படித்து, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவன். அந்தப் பணம் வந்து சேர்வதும் இதே கணக்கில்தான். கணக்கைக் கொடுத்ததற்கு அவனுக்கு வர வேண்டிய ஐயாயிரம் வரவேயில்லை. உதவித்தொகையில் அவன் சேர்த்துவைத்திருந்த நாலாயிரத்துச் சொச்சமும் சேர்ந்தே நிற்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை என்றான்.