பாலை மரம் இல்லாத படம்: மாங்குளத்தில் ஒரு காணி விற்ற அனுபவம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமாகப் போகும் ஏ34 வீதியில் சென்று, கிரவல் ஒழுங்கையொன்றில் திரும்பினால் எங்கள் அப்பாவின் இரண்டு ஏக்கர் காணி வரும். போர் முடிந்த 2009 இற்குப் பின் மீளக்குடியமர்ந்த காலத்தில் அவர் கையில் காசு வர வரப் பகுதி பகுதியாகக் கட்டிய வீடும், கல்லுடைத்து இறக்கிய கிணறும், வடகிழக்கு மூலையில் ஒரு முதிர்ந்த பாலை மரமும் அதில் இருந்தன. எங்கள் மூவர் பெயருக்கும் அப்பா உயிரோடு இருக்கையிலேயே நன்கொடை உறுதி எழுதியிருந்ததால், கனடாவில் இருக்கும் அண்ணனும் அக்காவும் தங்கள் சார்பில் கையெழுத்திட எனக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட, விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காணி விற்பதில் உள்ள மற்றக் கரைச்சல்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய படங்கள் அந்த விற்பனைக்குள் புகுந்த கதையையும், அவற்றை அப்புறப்படுத்தி விற்று முடித்த விதத்தையும் மட்டும் இங்கே பகிர்கிறேன்.

ஆவணி மாதக் கோடையில் என் கைப்பேசியில் எடுத்த படங்களைத் தரகரிடம் கொடுத்திருந்தேன். விளம்பரம் வெளிவந்தபோது இடத்தின் பெயரும் பரப்பளவும் விலையும் நாங்கள் சொன்னபடியே இருந்தன. படங்களில் இருந்ததோ நான் ஒருநாளும் காணாத வீடு. தகரக் கூரைக்குப் பதிலாகச் சிவப்பு ஓடு, செம்மண் முற்றத்துக்குப் பதிலாக ஒட்ட வெட்டிய புற்றரை, வாசல் வரை கல் பதித்த பாதை. முன்படிகள் ஒரு படத்தில் மூன்றாகவும் அடுத்த படத்தில் நான்காகவும் இருந்தன. மின்கம்பி கம்பத்திலிருந்து புறப்பட்டு வீட்டுக்கு வந்து சேராமல் வானத்தில் முடிந்தது. கிணற்றுக் கட்டைச் சுற்றிப் பூச்செடிகள் நின்றன; கப்பியிலிருந்து இறங்கிய கயிறு வாளியைத் தொடாமல் சீமெந்துக்குள் கரைந்துபோயிற்று; தண்ணீர் கைநீட்டினால் தொடக்கூடிய அளவுக்கு விளிம்பில் தளும்பியது. பாலை மரம் நின்ற இடத்தில் ஒரே உயரத்தில் தென்னைகள் வரிசையாக நின்றன.

சிவப்புக் கூரையும் புற்றரையும் எனக்குச் சிரிப்பைத்தான் தந்தன. கிணறும் பாலையும் அப்படியல்ல. மாரி மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்து நிரப்பும் வரைக்கும் எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆவணி, புரட்டாதியில் அடிக்கு இறங்கிவிடும். அந்த மாதங்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வன்னியில் ஒருவர் மேட்டுக்காணிக்கு விலை பேசுவார். அதேபோல, நில அளவைப் படத்தின்படி வடகிழக்கு எல்லைக்கல் அந்தப் பாலையின் வேரடியில் இருக்கிறது. அயலவரோடு வேலி பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் அளவு அங்கிருந்துதான் தொடங்கும். படத்தை அழகாக்கிய கருவி, வாங்குபவருக்கு மிகவும் வேண்டியிருந்த இரண்டு சாட்சிகளையே அழித்திருந்தது.

தரகரிடம் நேரில் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். எங்கள் ஊரில் பலருக்கு நேர்மையாகக் காணி முடித்துக் கொடுத்தவர். "பிள்ளை, இப்ப எல்லாரும் இப்பிடித்தான் போடினம். நீங்கள் தந்த படத்தைப் போட்டா ஒருத்தரும் கோல் எடுக்க மாட்டினம்" என்றார். படங்களை வவுனியாவில் வேலை செய்யும் மருமகன் கைப்பேசிச் செயலியில் "கொஞ்சம் வடிவாக்கி" அனுப்பியதாகவும், அதில் பாலை மரம் போனது தனக்கே தெரியாது என்றும் சொன்னார். அதை நான் நம்பினேன். அந்தக் கருவிகள் உள்ள படத்தைத் துடைத்துத் தருவதில்லை. முன்பு பார்த்துப் பழகிய பெருந்தொகையான படங்களின் சாயலில், அந்த இடத்தில் இருக்கக்கூடியது என்று தமக்குத் தோன்றுவதை மறுபடி வரைகின்றன. காய்ந்த முற்றமும் துருவேறிய தகரமும் திருத்தவேண்டிய குறைகளாகவே அவற்றுக்குப் படுகின்றன போலும்.

எது திருத்தம், எது பொய் என்று எங்கள் இருவருக்கும் இடையில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இருட்டாக வந்த படத்தை வெளிச்சமாக்கலாம், சரிந்த படத்தை நிமிர்த்தலாம், ஓரத்தை வெட்டலாம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நிலத்தில் காசு செலவழித்தால் மட்டும் வரக்கூடிய ஒன்றையோ, எவ்வளவு செலவழித்தாலும் வராத ஒன்றையோ படத்தில் சும்மா கொடுக்கக் கூடாது என்று நான் நின்றேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறது. வீட்டு விளம்பரப் படத்தில் தளபாடம், சுவர், முற்றம், வெளிக்காட்சி போன்றவற்றைச் சேர்த்தோ நீக்கியோ இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, மாற்றாத மூலப்படத்தையும் பார்க்க வழிசெய்ய வேண்டும்; வெளிச்சம், நிறம், சரிவு போன்ற சாதாரணத் திருத்தங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதைத் தரகரிடம் சொன்னபோது, "அது அமெரிக்கா, இது மாங்குளம்" என்றார். அதுவும் சரிதான். இருந்தாலும் விளம்பரத்திலிருந்து அந்தப் படங்களை அன்றே நீக்கிவிட்டார்.

அதற்குள் அவை பரவியிருந்தன. வேறு தரகர்கள் அதே படங்களை வேறு தொலைபேசி இலக்கங்களோடு, கூடிய விலைக்கு, சிலர் கிளிநொச்சி நகரத்துக்கு அண்மையில் என்றுகூடப் போட்டிருந்தார்கள். கூகிளின் படத்தேடலில் படத்தைக் கொடுத்துப் பிரதிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் இருந்த முறைப்பாட்டுப் பொத்தான் வழியாக எழுதினேன். வெறுமனே "இது பொய்ப் படம்" என்று எழுதிய முறைப்பாடுகளுக்குப் பதிலே வரவில்லை. மூலப்படத்தையும் பொய்ப்படத்தையும் அருகருகே வைத்து, படிகளின் எண்ணிக்கை மாறுவதையும் மின்கம்பி அறுந்து நிற்பதையும் வட்டமிட்டு அனுப்பிய பின்புதான் பல நீக்கப்பட்டன. கூகிளின் கருவிகள் ஆக்கும் படங்களில் சிந்ஐடி என்ற, கண்ணுக்குத் தெரியாத குறி பதிக்கப்படுவதையும் இந்த அலைச்சலில் அறிந்தேன். குறி இருந்தால் அது நல்ல ஆதாரம். ஆனால் வேறு நிறுவனங்களின் கருவியால் ஆக்கிய படத்தில் அது இல்லாமல் இருக்கலாம். ஆகவே குறி இல்லை என்பதால் படம் உண்மையாகிவிடாது. படத்தோடு வரும் திகதி, இட விவரங்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே கழன்றுவிடுவதால் அவற்றையும் நம்பியிருக்க முடியவில்லை.

ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், நீக்கப்படாத விளம்பரமொன்றைப் பார்த்துவிட்டு, கேட்டு விசாரித்துக்கொண்டு வான் வண்டியில் நேரே வந்திறங்கியது. அந்த அம்மா கைப்பேசியை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி, படத்தையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார். "இந்தத் தென்னையள் எந்தப் பக்கம் தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை அக்கா, அது பொய்ப் படம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அவருடைய கணவர் ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி, கயிற்றில் எத்தனை முழம் நனைந்தது என்று பார்த்து, ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். "தண்ணி நல்லது. ஆனா நாங்கள் வேற என்னவோ நினைச்சு வந்திட்டம்" என்றார். வாங்கவில்லை. எனக்கு அவர்கள் மீது கோபம் இல்லை. நல்லவேளையாக முற்பணம் அனுப்பாமல் வந்து பார்த்தார்கள்.

இதில் சட்டப்பக்கம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அலுவலர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் முடிந்தால்தான் செல்லும். அப்படி எழுதப்படும் உறுதியின் அட்டவணையில் இருப்பது நில அளவைப் படத்தின் இலக்கம், நான்கு எல்லைகள், விஸ்தீரணம் ஆகியவை. புற்றரையும் தென்னை வரிசையும் அதில் ஒரு வரியாகவும் வராது. படத்தை நம்பிக் காசு கொடுத்தவர் கையெழுத்திடும் பத்திரத்தில் அந்தப் படத்தின் சுவடே இருக்காது.

புதிய விளம்பரத்தை நானே தயாரித்தேன். ஏ34 வீதியிலிருந்து ஒழுங்கை வழியாகக் கடப்பு வரைக்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காணொளி எடுத்தேன். மாரியில் சேறாகும் பள்ளம் அதில் தெளிவாகத் தெரிந்தது. கிணற்றுக்குள் அளவு முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி, புரட்டாதியில் நிற்கும் நீர்மட்டத்தைக் காட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணாவை எல்லைக்கல்லில் ஒரு காலை வைத்து நிற்கச் சொல்லிப் பாலையின் முழு உயரமும் தெரியப் படமெடுத்தேன். வெளியே தனியாக இருக்கும் மலசலகூடம், நடுக்கூடத்து நிலத்தில் ஓடிய வெடிப்பு, பின்பக்கத்தில் தளர்ந்துபோன முட்கம்பி வேலி எல்லாவற்றையும் போட்டேன். பச்சை வேண்டும் என்று தரகர் மன்றாடியதால், முந்திய மார்கழியில் அக்கா வந்திருந்தபோது எடுத்த படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் மாதத்தை எழுதினேன். வன்னிக் காணிக்கு இரண்டு முகம் உண்டு; இரண்டும் உண்மை.

உறுதியின் பிரதியைப் பொதுவில் போடச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டேன். படத்தை இவ்வளவு இலகுவாக மாற்றுகிறவர்களுக்குப் பத்திரத்தில் பெயரை மாற்றுவது பெரிய வேலையல்ல. விருப்பமுள்ளவர்களுக்கு உறுதி இலக்கத்தையும் பதிவு விவரத்தையும் கொடுத்து, தங்கள் சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். எங்களுடையது உறுதிக் காணி என்பதால் இது போதுமாக இருந்தது. எங்கள் பகுதியில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. எவ்வளவு வடிவான வீட்டைப் படத்தில் கண்டாலும், முதற் கேள்வி உறுதியா பெர்மிற்றா என்பதாகவே இருக்க வேண்டும்.

தொலைவில் இருந்தவர்களுக்கு வீடியோ அழைப்பில் வளவைச் சுற்றிக் காட்டினேன். நான் நடக்கும் திசையை அவர்களே சொல்லட்டும் என்று விட்டேன். "இப்ப இடப்பக்கம் திரும்புங்கோ, வேலியைக் காட்டுங்கோ" என்று கேட்கிறவருக்கு முன்கூட்டி ஆக்கிய படத்தைக் காட்ட வழியில்லை. சிலர் கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைத் திறந்து வைத்து, வீட்டுக் கூரை எந்த ஆண்டில் தோன்றியது என்பதைச் சொல்லி என்னையே வியக்க வைத்தார்கள்.

அழைப்புகள் முன்பைவிட வெகுவாகக் குறைந்தன. தரகர் சொன்னது அந்த அளவில் உண்மை. ஆனால் வந்த அழைப்புகளில் தண்ணீரைப் பற்றியும் மும்முனை மின்சாரம் எடுக்கலாமா என்பது பற்றியும் யானை வருமா என்பது பற்றியும் கேட்டார்கள். கடைசியில் வாங்கியது வவுனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். பப்பாசித் தோட்டம் போட எண்ணியிருந்தார்கள். ஒழுங்கைப் பள்ளத்தைக் காட்டி விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டார்கள், நாங்களும் இசைந்தோம். நில அளவையாளரை மறுபடி வரவழைத்துப் பாலையடிக் கல்லை உறுதிப்படுத்திய பின் உறுதி முடிந்தது. முத்திரைத் தீர்வை, முதல் 1,00,000 ரூபாய்க்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும், வழக்கப்படி அவர்களே கட்டினார்கள்.

பழைய படங்கள் இன்னும் எங்கேயோ சுற்றுகின்றன. காணியின் புதிய சொந்தக்காரரிடமும் இடைக்கிடை யாராவது வந்து விசாரிக்கிறார்களாம். அதனால் மூலப்படங்களையும், நான் முறைப்பாட்டுக்கு எழுதிய வாசகத்தையும், வட்டமிட்ட படத்தையும் ஒரே கோப்பாக அவருக்கு அனுப்பியிருக்கிறேன். புதிதாக எங்காவது கண்டால் யார் முதலில் காண்கிறோமோ அவர் முறைப்பாடு செய்வதென்று பேசிக்கொண்டோம்.