வில்லுப்பாட்டில் கதையின் காவலர்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொடை என்னும் கோயில் விழா நடக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு, வில்லின் நாணை அடித்துக் கதை பாடும் வில்லுப்பாட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு இரவில் காப்புப் பாடித் தொடங்கும் கதை, நண்பகல் உச்சிக்கொடை, நள்ளிரவுச் சாமக்கொடை என்று பூசைகளுக்கு ஏற்ப நின்றும் தொடர்ந்தும் நீளும். தொலைக்காட்சியிலும் பள்ளி விழாவிலும் மட்டும் பார்த்தவர்கள், நகைச்சுவை கலந்து நல்ல கருத்துச் சொல்லும் மேடைக்கலை என்று அதை நினைத்திருப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகமும் நகரத்து மேடைகளுக்குக் கொண்டுவந்த வில் அத்தகையது. அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் சாமியின் முன்னால் பாடப்படும் வில் வேறு வேலையைச் செய்கிறது.

அங்கே பாடப்படும் கதைகளுள் சுடலைமாடன் கதைபோல் கயிலாயத்தில் பிறந்த தெய்வங்களின் கதைகளும் உண்டு. மற்றொரு பெரும் பகுதி, மண்ணில் வாழ்ந்து வெட்டுப்பட்டும் வஞ்சிக்கப்பட்டும் செத்துத் தெய்வமானவர்களின் கதைகள். சாதி மீறிக் காதலித்தவர்கள், ஏமாற்றப்பட்ட பெண்கள், போரில் வீழ்ந்தவர்கள் என்று இவர்களுள் பலருக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. தங்கள் சாவு எப்படி நேர்ந்தது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடிக் கேட்க வேண்டும் என்பதே இவர்களுக்குச் செய்யப்படும் மரியாதை. கதை பாடாமல் படையல் மட்டும் போட்டால் சாமிக்கு நிறைவிராது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாவு நெருங்கும் கட்டத்தைக் கவனித்தால் இது விளங்கும். அதுவரை வசனமும் பாட்டுமாக, பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட, நிதானமாகப் போய்க்கொண்டிருந்த புலவர், அதாவது தலைமைப் பாடகர், வசனத்தை விட்டுவிடுகிறார். நாணை அடிக்கும் வீசுகோல்கள் அதில் விழும் வேகத்தில் வில்லின் மணிகள் ஒரே ஓசையாகக் கலக்கின்றன. குடக்காரர் பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயை அறைகிறார். உடுக்கையின் அடி நெருங்க நெருங்க, தெய்வம் ஏறி ஆடும் சாமியாடிக்கு அருள் வருகிறது. புலவர் கதையை அங்கேயே நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்கிறார். முடிவு தெரிந்த கதைதான். இருந்தும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமணனான பட்டன், தோல்தொழில் செய்யும் குலத்தவரான வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காமேல் காதல் கொள்கிறான். பெண் கேட்டுப் போனால், பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறார் பகடை. அவன் அப்படியே செய்கிறான். மணம் முடிந்த கையோடு மாடு திருட வந்தவர்களுடன் மோதி, வஞ்சகமாகக் குத்தப்பட்டுச் சாகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று தெய்வமாகிவிட்ட பட்டனின் சன்னதிக்கு இன்றும் செருப்பு நேர்ந்து கட்டுகிறார்கள். பூணூலைவிடச் செருப்பு பெரிதென்று ஒரு கதை சொல்ல, அதை வழிபாடாகவே வைத்திருக்கிறது ஒரு மலைக்கோயில். இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

இந்தக் கதைக்குள் ஒரு திருத்தமும் நுழைந்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்றொரு வடிவம் உண்டு. சாதி மீறலின் கூர்மையை மழுக்கப் பின்னால் சேர்க்கப்பட்டது அது என்பது, இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலையின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஏனென்றால் பெண்கள் பிராமணர்களே என்றால் பட்டன் செருப்புத் தைத்ததற்குப் பொருளே போய்விடும். வாய்மொழிக் கதை வளைந்து கொடுக்கக்கூடியது, அதனால் நம்பத்தகாதது என்பார்கள். ஆனால் எவன் எங்கே வளைத்தான் என்பதைக் காட்டிக்கொடுப்பதும் வெவ்வேறு வாய்களில் வாழும் வடிவங்கள்தாம். ஒரே ஒரு ஏடு மட்டும் எஞ்சியிருந்தால் திருத்தியவன் சொன்னதே கதையாகியிருக்கும்.

புலவர் தம் விருப்பப்படி மாற்றிவிடவும் முடியாது. குடியின் பெயரையோ கொன்றவன் பெயரையோ தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு முன்வரிசையில் ஆள் இருக்கும். கோயிலுக்குரிய குடும்பத்தார் தங்கள் கதையை அறிந்தவர்கள்.

இப்போது கொடை முழுவதும் யூடியூபில் கிடைக்கிறது. பெண் புலவர்கள் பலர் தலைமையேற்றுப் பாடுகிறார்கள். இரண்டும் நல்லவையே. எனக்குக் குறையாகப் படுவது, பணமும் நேரமும் கருதிக் கதையைச் சுருக்கி, நடுவில் சினிமா மெட்டுகளை நிரப்பும் வழக்கம். சுருக்கும்போது முதலில் உதிர்பவை ஊர்ப்பெயர்களும் வழித்தடங்களும் உறவுமுறைகளும்தான். செத்தவர் யார், எந்த ஊர், யாருக்குப் பிள்ளை என்பதை வைத்திருப்பவை அவையே. பதிவு செய்ய நினைக்கும் இளைஞர்கள் சாமியாட்டத்தின் பத்து நிமிடத்தோடு நிறுத்தாமல், யாரும் பகிராத அந்த நீண்ட வசனப் பகுதிகளையும், முன்வரிசையிலிருந்து எழும் திருத்தங்களையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.