ஓநாய்ப் பல்

மேசை மேல் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியை மரம் என்றே நினைத்திருந்தேன். அட்டையாம்! அட்டைத் துண்டுகளைப் பசை தடவி அடுக்கி, அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சூளையில் காயவைப்பார்களாம். அப்புறம் அதை மரம் மாதிரியே அறுக்கலாம், இழைக்கலாம்.

மூடியில் இளவரசன் இவானும் இளவரசியும் சாம்பல்நிற ஓநாய் மேல் பறக்கிறார்கள். சின்ன வயதில் சோவியத் புத்தகங்களில் தமிழிலேயே படித்த கதை.

பெட்டி மூடியில் இப்படி ஓவியம் தீட்டும் பாணிக்குப் பேர்போன ஊர் ரஷ்யாவின் பாலேஹ். தலைமுறை தலைமுறையாகத் தேவாலயங்களுக்குப் புனிதர் படம் வரைந்த ஊர். 1917 புரட்சிக்குப் பிறகு அந்தப் படங்களை யார் வாங்குவார்? அந்த ஊர் ஓவியர் இவான் கோலிக்கோவும் இன்னும் சிலரும் பெட்டி மூடிக்கு மாறினார்கள், 1924இல் கூட்டுறவு அமைப்பு தொடங்கினார்கள். கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. முட்டை மஞ்சள்கரு கலந்த அதே வண்ணம், ஒடிசலாக நீண்ட அதே உடல்கள். உற்றுப் பார்த்தால் என் பெட்டியின் இளவரசன் இவானுக்கும் கொஞ்சம் புனிதர் முகம்தான்.

அச்சடித்த படத்தை ஒட்டி அரக்குப்பூச்சு பூசிய போலிகளும் நிறைய உண்டு என்பதால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அச்சுப் புள்ளி எதுவும் இல்லை, எல்லாம் தூரிகைக் கோடு. அப்பாடா!

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தங்க இழைகள். மெல்லிய தங்கத் தகட்டைப் பிசினோடு விரலால் குழைத்து, மயிரிழைக் கோடாகப் போடுகிறார்கள். முதலில் மங்கலாகத்தான் இருக்குமாம். மினுங்க வைக்க அதை எதனால் தேய்ப்பார்கள் தெரியுமா? ஓநாய்ப் பல்லால்!