வளவுப் பத்தியில் ஆறு நிமிட நடை: குடல் அழற்சி நோயில் உடல் வலுவை அளப்பது

கிரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் பசி கூடும், முகம் உப்பும், எடை ஏறும். வீட்டில் எல்லோரும் "உடம்பு தேறிடுச்சு" என்பார்கள். அதே வாரங்களில் தொடைத் தசை கரைந்துகொண்டிருக்கலாம்; எடை மிஷினுக்கு அது தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுவது, கைப்பிடியின் வலு, நடை ஆகிய மூன்றையும் அளந்து எழுதி வைக்கிறோம்.

காய்ச்சல், தலைசுற்றல், அதிக ரத்தப்போக்கு இருக்கும் நாளில் அளக்கவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலும், போன மாதத்துக்குள் மாரடைப்பு வந்திருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நாற்காலிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ., முதுகுப்புறம் சுவரோடு ஒட்டி. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆசியத் தசைக்குறைவுக் குழுவின் 2019 அளவுகோலில் 12 விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். கைப்பிடிக்கு டைனமோமீட்டர் (பிடியின் வலுவை அளக்கும் கருவி), முழங்கையை 90 பாகையில் மடக்கி மூன்று முறை அழுத்தி, பெரியதை எழுதுங்கள். ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்ணுக்கு 18-க்குக் கீழும் குறைவு. ஆனால் கைப்பிடி நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு முதலில் இடுப்பையும் தொடையையும்தான் தாக்கும். திண்ணையிலிருந்து எழக் கை ஊன்றுகிறவருக்குப் பிடி மட்டும் கெட்டியாகவே இருக்கலாம்.

ஆறு நிமிடத்தில் போய்த் திரும்பி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் நடைதான் அதிகம் கெட்டுப்போகும் சோதனை. விதிப்படி 30 மீட்டர் நேர்வழி வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை அவ்வளவு நீளம் கிடைத்தாலும் நிலைப்படிகள் குறுக்கே வரும், கால் தடுக்கும். வளவுப் பத்தியில் (நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) 15 மீட்டர் கிடைத்தால் அதிலேயே நடக்கலாம். திரும்புவது கூடுவதால் தூரம் குறையும். ஆகவே 15 மீட்டர் நடையை 15 மீட்டர் நடையோடு மட்டும் ஒப்பிடுங்கள். தரையில் பதித்த கல்லை எண்ணித் தூரம் போடாமல் டேப்பால் அளங்கள். ஆத்தங்குடிக் கல் வழவழப்பு. ஈரத் துணி போட்டுத் துடைத்த உடனே நடக்க விடாதீர்கள். வீட்டுக்குள் செருப்பு ஆகாது என்றால், அடி கழுவிய பிடிப்புள்ள ஷூ ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலில் விடியற்காலைதான் நேரம். நீர் வற்றிய உடம்பில் துடிப்பு தானாக ஏறும். கழிவறைக்குப் போய்வந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு தொடங்க வேண்டும். ஓடக் கூடாது, மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. பாதியில் வயிறு அவசரப்படுத்தினால் அந்த அளவைத் தள்ளிவிட்டு வேறொரு நாள் எடுங்கள். சுற்றி நின்று ஆச்சிமார் உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் மட்டும் "நல்லா நடக்கிறீங்க, இன்னும் நாலு நிமிஷம்" என்றால் போதும். முதல் தடவை பழக்கமின்மையால் குறையும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நடக்கவைத்து, பெரியதைத் தொடக்க அளவாக வையுங்கள்.

நாற்காலி சரியாக இருந்து நடை மட்டும் குறைந்தால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்: ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12-க்குக் கீழ் ரத்தசோகை. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) 100 வரை இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். நாற்காலி மோசமானால் ஸ்டீராய்டு அளவையும் புரதத்தையும் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நோட்டில் ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் அன்றைய மாத்திரை மில்லிகிராம், மலம் போன தடவை, வழியின் நீளம் மூன்றையும் எழுதியிருந்தால்தான் அடுத்த மாத எண்ணோடு ஒப்பிட முடியும்.