மாலை 5 மணிக்குப் பிறகு யார்?

நானும் கணவரும் முழுநேர வேலையில் இருப்பவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை அமர்த்தியபோது, எங்கள் அலுவலக நேரமான 9 முதல் 6 வரையே அவருக்கும் போதும் என்று கணக்கிட்டது எங்கள் முதல் பிழை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று சேர்த்தால் நாளுக்கு 11 மணி நேரம், 5 நாளில் 55 ஆகிவிடுகிறது. அவ்வளவையும் ஒருவர் மேல் சுமத்துவது நியாயமில்லை என்பதால், நான் 7 மணிக்கே கிளம்பி 5 மணிக்குத் திரும்புவதென்றும், கணவர் 9.30 வரை வீட்டில் இருந்துவிட்டு இரவு தாமதமாக வருவதென்றும் பிரித்துக்கொண்டோம். இப்போது அக்காவின் நேரம் 9.15 முதல் 5.15 வரை.

காலையில் கணவரும் மாலையில் நானும் அக்காவோடு சேர்ந்து வீட்டில் இருந்து, குழந்தையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அந்த 15 நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு நாள் அக்கா, குழந்தையைப் பற்றிக் குறித்துவைக்கும் நோட்டில், "பால் 2 முறை, தூக்கம் 40 நிமிடம், இடது காதை அடிக்கடி இழுக்கிறான்" என்று எழுதியிருந்தார். அன்று மாலையே மருத்துவரிடம் காட்டினோம். காதில் தொற்று இருந்தது.

மீட்டிங் நீளுமென்றால் முந்தைய நாளே கேட்கிறோம். கூடுதல் நேரத்துக்குத் தனிச் சம்பளம், முடியாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. எங்கள் வீட்டில் சனியும் ஞாயிறும் முழுக்க அவருடையவை. அலுவலகத்தில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அந்த நாள்களில் அவரைக் கூப்பிடுவதில்லை.