டார்வினிலிருந்து மேற்கே

ஜூன் 28
அம்மா அரிசி மூட்டையைக் கேரவனின் பின்மூலையில் வைத்திருந்தார். தூக்கி நடுவில், அச்சுக்கு மேலே வைத்தேன். பின்பாரம் கூடினால் 90இல் போகும்போது கேரவன் ஆடத் தொடங்கும். ஆட்டம் பிடித்தால் காரையும் சேர்த்து இழுக்கும். "அரிசிக்கு இவ்வளவு கதையா தம்பி" என்றார்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனாராவுக்கு வரச்சொல்லி வந்த மின்னஞ்சலுக்கு மனைவி இன்னும் பதில் போடவில்லை. ஊரைப் பார்த்துவிட்டுப் போடலாமாம்.

ஜூன் 29, லிச்ஃபீல்ட்
கறையான் புற்றுகள் பார்த்தோம். ஆளைவிட உயரம், பலகை போல ஒடுக்கம், எல்லாமே வடக்குத் தெற்காக நிற்கின்றன. காலை மாலை வெயில் அகலப் பக்கத்தில் படும், உச்சி வெயில் விளிம்பில் மட்டும். நகர சபை திட்டம் போட்டுக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு நேராக வந்திராது. மகள் புளோரன்ஸ் அருவியில் ஊறியே கிடந்தாள். நான் இறங்கவில்லை. முதலை இல்லை என்று பலகை போட்டிருந்தாலும் எனக்குத் தண்ணீரைப் பார்த்தபடி கரையில் இருப்பதுதான் தோது.

ஜூன் 30
கேரவனின் இடது சில்லு வலதைவிடச் சூடு.

ஜூலை 1, காத்ரின்
நிறுத்தும் இடமெல்லாம் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். வலதில் கையை வைத்திருக்கலாம். இடதில் வைக்க முடிகிறது, ஆனால் வைத்திருக்கத் தோன்றவில்லை. பிரேக் லேசாகப் பிடிக்கிறதோ? பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டதோ? வெயில் விழுகிற பக்கம் என்பதாலோ? தெற்கே வரும்போது மாலை வெயில் வலது பக்கம்தானே விழுந்தது. பிறகு என்ன. ஒரு கராஜில் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஓடலாம், கவனித்துக்கொள்" என்றார்கள். எதைக் கவனிப்பது? பேரிங் போய்ச் சில்லு கழன்றால் கவனிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. இங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். குனுனாரா 510 கிலோமீற்றருக்கு மேல். நடுவில் விக்டோரியா ஆற்றடியில் ஒரு பெற்றோல் செட், அப்புறம் டிம்பர் கிரீக், அவ்வளவுதான். மற்ற இடங்களில் போனுக்கு சிக்னலும் இல்லை.

அவளிடம் சொன்னேன். "அப்போ திரும்பிப் போவோமா?" என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை. பேசாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 2, டிம்பர் கிரீக்
இன்று மடு மாதா திருநாள். அம்மா விடியவே எழும்பி, படுக்கையில் இருந்தபடியே செபமாலை சொன்னார். மடுவுக்குப் போய் எத்தனை வருடம் என்று ஒரு பெருமூச்சு.

வழியில் இரண்டு இடங்களில் புல்லுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். எரியும் விளிம்பின் மேல் பருந்துகள் கூட்டமாக வட்டமிட்டு, தப்பி ஓடுகிற வெட்டுக்கிளியையும் பல்லியையும் அள்ளின. ஒரு ரோட் ரெயின் எதிரே வந்தது. 53 மீற்றர் நீளம், மூன்று பெட்டி நிறைய மாடுகள். அது கடந்தபோது அடித்த காற்றில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டமில்லை. அரிசி சரியான இடத்தில்தான் இருக்கிறது.

விக்டோரியா ஆற்றைத் தாண்டியபின் போவாப் மரங்கள் தொடங்கின. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார். "இஞ்ச பாருங்கோ, எங்கட பெருக்க மரமெல்லோ!" மன்னார் பள்ளிமுனையில் நிற்கிறதே, அதே பருத்த வயிறு, இலையுதிர்ந்த கிளை. இது ஆஸ்திரேலியாவுக்கே உரிய தனி இனம், மன்னார் மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள் என்றேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரத்தில் றோட்டோரம் கழுதைகள் வேறு. மன்னாரேதான் என்று முடிவு செய்துவிட்டார்.

சாயங்காலம் கிரெகரி மரத்தைப் பார்க்கப் போனோம். நாடாய்வுப் பயணி அகஸ்டஸ் கிரெகரியின் குழு இந்த ஆற்றோரம் தங்கியபோது தேதியை மரத்தில் செதுக்கி வைத்தது: ஜூலை 2, 1856. இதே தேதி! இந்த மர இனத்தின் அறிவியல் பெயரிலும் அவர்தான் இருக்கிறார். ஆனால் மரம் அவருக்கு முன்பே இங்குள்ள பூர்வகுடிகளான நாரின்மான் மக்களுக்குப் புனிதமானது. வேலி போட்டிருக்கிறார்கள். அம்மா வேலிக்கு வெளியே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சில்லு: அதே சூடு.

ஜூலை 3
நாளை எல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பச்சை மரக்கறி, பழம், தேன் எதுவும் கொண்டுபோக முடியாது. அம்மா இருக்கிற பூசணி, பயற்றங்காய், கரட் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கறியாக்கிவிட்டார். சமைத்ததைப் பறிக்க மாட்டார்களாம். மகள் புட்டுக்கு அது வேண்டாம் என்று அழுதாள்.

ஜூலை 4, குனுனாரா
கறி தப்பியது. தேன் போத்தலும் கறிவேப்பிலைக் கொத்தும் போயின. அதிகாரி மரியாதையாகத்தான் வாங்கினார். ஆனாலும் டார்வின் வீட்டுக் கன்றிலிருந்து அம்மா பறித்து வந்த கொத்து அது. குப்பைத் தொட்டியை அம்மா பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லை தாண்டினால் மணி ஒன்றரை மணிநேரம் பின்னால் போகிறது. அம்மாவின் எட்டு மணி மாத்திரையை இனி ஆறரைக்கா போடுவது? ஐந்தரைக்குள் இருட்டிவிட்டது.

ஜூலை 5
ஆர்கைல் ஏரி. ஓர்ட் ஆற்றை மறித்து அணையை 1972இல் திறந்தார்கள். கடல் போல இருக்கிறது, எனக்கு வார்த்தை வரவில்லை. நன்னீர் முதலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆளைத் தேடி வராது என்கிறார்கள். அவளும் மகளும் நீந்தினார்கள். நான் கரையில்.

ஜூலை 6
ஊரைச் சுற்றிச் சந்தனத் தோட்டங்கள். நம் ஊர்ச் சந்தனமேதான். பக்கத்து மரத்தின் வேரில் உறிஞ்சித்தான் வளருமாம். அதனால் வரிசைக்கு வரிசை துணை மரம் நட்டிருக்கிறார்கள். "மாமி, இங்கே கறிவேப்பிலை நல்லா வரும் போல" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 7
டார்வினுக்கு 830 கிலோமீற்றர். வரைபடத்தில் மறுபடி பார்த்தேன், குறையவில்லை.

ஜூலை 8
பேரிங் மாற்றத்தான் வேண்டுமாம். இந்த அளவு இங்கே இல்லை, டார்வினிலிருந்து லொறியில் வரும், வெள்ளி அல்லது திங்கள். என் சந்தேகம் சரி என்பதில் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வீடு பார்க்கப் போயிருக்கிறாள், சும்மாதானாம். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போய்விட்டார். வந்ததும் எழுதுகிறேன்.